லொறியில அடிபட்டு வந்த ஃப்ரீசர்: எந்தக் கோளாறுக்கு எங்க பாக்கிறது

எங்கட வீடு வெள்ளவத்தையில கடல் பக்கம், மூண்டாம் மாடி. லிஃப்ட் இருக்கு, ஆனா ரெண்டு பேரும் ஒரு மரக்கறிப் பையும் ஏறினா பிறகு இடமில்ல. மனுசி ரோல்ஸ், பற்றிஸ் செய்து ஓடருக்குக் குடுக்கிறவ, அதுக்காக 200 லீற்றர் பெட்டி ஃப்ரீசர் ஒண்டு எடுத்தம். கொண்டு வந்த பெடியள் லிஃப்டைப் பாத்தாங்கள், படியைப் பாத்தாங்கள், "அவுலக் நே" (ஒரு பிரச்சினையும் இல்ல) எண்டு சிங்களத்தில சொல்லிப்போட்டு அதைப் பக்கவாட்டில சரிச்சு, சவப்பெட்டி தூக்கிற மாதிரித் தூக்கிக்கொண்டு ஏறினாங்கள். நானும் பின்னால "மெல்ல, மெல்ல" எண்டு கத்திக்கொண்டு போனன், மேல வந்தோடன பேப்பரை நீட்டினாங்கள், கையெழுத்து வச்சன், அரை மணித்தியாலத்தில ப்ளக்கையும் போட்டன். முன்பக்கத்தில உள்ளங்கை அளவு நெளிவு. ரெண்டு நாள் அந்த நெளிவையே பாத்துப் பாத்து வயிறெரிஞ்சதுதான் மிச்சம், உண்மையான அடி பின்னால கீழ, கொம்ப்ரசருக்குப் பக்கத்தில, ஒரு விரல் நீளத்துக்கு இருந்தது, அதை நான் குனிஞ்சே பாக்கேல்ல.

அதால இதை எழுதுறன். உங்களுக்கு எது நடக்குதோ அந்த இடத்துக்கு நேர போங்கோ, முழுக்க வாசிக்கோணும் எண்டில்ல.

லொறி இன்னும் வாசல்ல நிக்குது, பெட்டி நசுங்கியிருக்கு

இதுதான் நல்ல நேரம், பிறகு இப்பிடி ஒரு நேரம் வராது. அட்டைப்பெட்டியை அவங்கள் நிக்கேக்கயே பிரியுங்கோ. "நேரமில்ல சேர், இன்னும் நாலு இடம் போகோணும்" எண்டுவாங்கள், அது உண்மையாவும் இருக்கும், பாவம் அவங்களும் சம்பளத்துக்கு ஓடுறவங்கள்தான். பிரிக்க விடாட்டி டெலிவரி பேப்பரில, ரெண்டு கொப்பியிலயும், "பெட்டி நசுங்கியிருக்கு, திறந்து பாக்கேல்ல" எண்டு எழுதிப்போட்டு அதுக்குக் கீழ கையெழுத்து வையுங்கோ. தமிழிலயே எழுதலாம், பிரச்சினையில்ல. அந்தப் பேப்பரை ஃபோனில படம் எடுங்கோ. பெட்டியை நாலு பக்கமும், மேல்நோக்கி அம்புக்குறி போட்ட பக்கத்தையும், லொறிக்குள்ள அது எப்பிடி இருந்தது எண்டதையும் எடுத்து வையுங்கோ. சில பெட்டியில சரிச்சாலோ இடிச்சாலோ நிறம் மாறுற ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், இருந்தா அதையும் கிட்டவா ஒரு படம்.

பிரிச்சாப்பிறகு பாக்கிற ஒழுங்கு இது: முதல்ல பின்பக்கம் கீழ, கொம்ப்ரசர் இருக்கிற குழி. டோர்ச் அடிச்சுப் பாருங்கோ, செப்புக் குழாய் எங்கயாவது மடிஞ்சிருக்கா, எண்ணெய்ப் பசை இருக்கா, கொம்ப்ரசர் ரப்பர் காலில நேரா நிக்குதா. பிறகு மூடிப் பிணைச்சல், பிறகு வயர், கடைசியாத்தான் வெளித்தகடு. நாங்கள் எல்லாரும் தலைகீழாச் செய்யிறம், தகட்டில கீறலைக் கண்டோடன சண்டை தொடங்கீடுது.

அட்டையையும் ரெஜிபோமையும் எறியாதேங்கோ. திருப்பி அனுப்ப வேண்டி வந்தா "பெக்கிங் இல்லாம எடுக்கேலா" எண்டு ஒரு கதை வரும்.

சரிச்சுப் படுக்க வச்சுக் கொண்டு வந்திட்டாங்கள்

ப்ளக் போடாதேங்கோ. கொம்ப்ரசர் அடியில எண்ணெய் நிக்கும், படுக்க வச்சா அது குழாய்க்குள்ள ஓடும், அந்த நேரம் மோட்டரைப் போட்டா வாயுவை அமுக்க வேண்டிய பம்ப் எண்ணெயை அமுக்கப் பாக்கும், எண்ணெய் அமுங்காது, வால்வுதான் உடையும். இல்லாட்டி எண்ணெய் போய் கெப்பிலரிக் குழாயை அடைக்கும், அதின்ர உள் ஓட்டை ஒரு மில்லிமீற்றரும் இல்ல.

நேரா நிமித்தி வச்சு ஒரு முழு நாள் விடுங்கோ. நிமிந்தபடியே வந்திருந்தா ரெண்டு மூண்டு மணித்தியாலம் போதும். உங்கட கொம்பனிப் புத்தகத்தில வேற கணக்குப் போட்டிருந்தா அதைப் பிடியுங்கோ, பிறகு வரண்டிக்காரன் அதைத்தான் கேப்பான். என்னட்டக் கேட்டவன். வந்து உக்காந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு, சும்மா ஊர்க்கதை கதைக்கிற மாதிரி, "சேர் எத்தின மணிக்கு ப்ளக் போட்டீங்கள்?" நானும் வெள்ளாந்தியா அரை மணித்தியாலத்தில எண்டு சொல்லிட்டன். உடன பேப்பரில எழுதினார்.

தகடு நெளிஞ்சிருக்கு, மற்றபடி ஓடுது

நெளிவு எங்க எண்டதுதான் கேள்வி. பெட்டி ஃப்ரீசரில கனக்கத்துக்கு வெளியில கம்பிவலை ஒண்டும் தெரியாது, சூட்டை வெளியில விடுற குழாய் வெளித்தகட்டுக்கு உள்பக்கமா ஒட்டியிருக்கும், குளிர்க் குழாய் உள்தகட்டுக்குப் பின்னால இருக்கும், ரெண்டுக்கும் நடுவில ஃபோம். அதால பக்கத் தகட்டில அடி எண்டா சும்மா அழகுப் பிரச்சினை எண்டு விடேலாது.

ஓட விட்டு அரை மணித்தியாலத்துக்குப் பிறகு உள்ளங்கையைத் தகட்டில வச்சுத் தடவிப் பாருங்கோ, கோடு கோடா சூடு தெரியும், அதுதான் குழாய் போற வழி. நெளிவு அந்தக் கோட்டில இல்லாட்டி நிம்மதியா இருங்கோ. கோடு நெளிவு வரைக்கும் நல்லாச் சுட்டு, நெளிவு தாண்டினோடன ஆறிப்போய் இருந்தா குழாய் நசுங்கியிருக்க வாய்ப்பிருக்கு, நிப்பாட்டிப்போட்டு கொம்பனிக்கு அடியுங்கோ.

காருக்கு நெளிவு எடுக்கிற பெடியன் ஒருத்தன் வக்கும் கப் வச்சு இழுத்துத் தாறன் எண்டு வந்தவன், நான் விடேல்ல. தகடு ஃபோமோட ஒட்டினது, இழுத்தா தகடு பிரிஞ்சு வரும், குழாயையும் சேத்து இழுக்கும். ஸ்டிக்கர் ஒட்டி மறையுங்கோ, ஆனா ஆணி, ஸ்குரூ ஒண்டும் அடிச்சிடாதேங்கோ. கீறல் பட்டு பெயின்ற் போயிருந்தா மட்டும் உடன கவனியுங்கோ, காலி வீதிக்குக் கடல் பக்கம் இருக்கிற ஆக்களுக்குத் தெரியும், உப்புக்காத்து ஒரு மாசத்தில துரு பிடிக்க வச்சிடும். துடைச்சு, காய விட்டு, டச்சப் பெயின்ற் ஒருக்கா அடிச்சா சரி.

ப்ளக் போட்டா ஒண்டுமே இல்லை, அல்லது ட்ரிப் விழுது

லைற்றும் வரேல்ல எண்டா முதல்ல ப்ளக் பொயின்ற்றில வேற சாமானைப் போட்டுப் பாருங்கோ. சதுரக் கால் 13 அம்பியர் ப்ளக் எண்டா உள்ளுக்கு ஃபியூஸ் இருக்கு, அதையும் பாருங்கோ. பழைய வீட்டில உருண்டைப் பொயின்ற் எண்டபடியால் அடப்டரை மாட்டி, அதுக்கு மேல எக்ஸ்டென்ஷனை மாட்டி ஃப்ரீசரை ஓட்டுற பழக்கம் எங்களிட்ட இருக்கு, அதை விடுங்கோ, நேரடியாச் சுவர்ப் பொயின்ற்றில போடுங்கோ.

ட்ரிப் சுவிட்ச் விழுதெண்டா வேற கதை. கரண்ட் எங்கயோ ஃப்ரீசரின்ர தகட்டுக்கு ஒழுகுது. வயர் லொறியில நசுங்கியிருக்கும், இல்லாட்டி மழையில நனைஞ்சிருக்கும், ஐப்பசி மழையில மேல படங்கு மட்டும் மூடிக் கொண்டு வாறது இங்க புதுசில்லையே. நனைஞ்சதெண்டா பின்பக்கத்தை ஒரு நாள் ஃபேன் காத்தில விடுங்கோ. காய்ஞ்சும் விழுந்தா விட்டிடுங்கோ, திரும்பத் திரும்பத் தூக்கிப் போடாதேங்கோ. ட்ரிப்பைத் தாண்டி லைன் எடுத்துத் தாறன் எண்டு யாராவது சொன்னா அந்த ஆளைக் கேற் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டிட்டு வாங்கோ. தகட்டில கை பட்டா சுள்ளெண்டுதெண்டாலும் இதுதான், ப்ளக்கைக் கழட்டி வச்சிட்டு எர்த்தைப் பாக்கச் சொல்லுங்கோ, ஈரத்தரையில வெறுங்காலோட நிண்டு சோதிக்கிற வேலை வேண்டாம்.

"டிக்" எண்டும், கொஞ்சம் முனகும், திரும்ப "டிக்"

கொம்ப்ரசர் கிளம்பப் பாக்குது, ஏலாமக் கிடக்கு, ஓவர்லோட் எண்ட பாதுகாப்புச் சுவிட்ச் அதை வெட்டி விடுது, ஆறினாப்பிறகு திரும்பப் பாக்குது. அடியாலயும் இருக்கலாம், உங்கட கரண்டாலயும் இருக்கலாம். எங்கட சப்ளை 230 வோல்ட், கூடக்குறைய 6 வீதம், அப்பிடியெண்டா 216இல இருந்து 244 வரை. பின்னேரத்தில எல்லாரும் ஏசியைப் போட்டோடன 200க்குக் கீழ இறங்கிற கட்டடமும் இருக்கு. மீற்றர் வச்சிருக்கிற ஒருத்தரைக் கொண்டு அளவுங்கோ. வோல்டேஜ் சரியா இருந்தும் டிக் டிக் எண்டா ரிலே (கொம்ப்ரசரைக் கிளப்பி விடுற சின்னச் சுவிட்ச்) கழண்டிருக்கும், அல்லது கொம்ப்ரசர் இறுகியிருக்கும். ரிலே எண்டா சின்னச் செலவு. கொம்ப்ரசர் எண்டா புதுச் சாமானுக்கு அதை மாத்தி வாங்காதேங்கோ, முழு ஃப்ரீசரையும் மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்கோ.

இன்னுமொண்டு, ஓஃப் பண்ணி உடன ஓன் பண்ணினாலும் இந்தச் சத்தம் வரும், அது கோளாறில்ல. அஞ்சு நிமிசம் விட்டுப் போடுங்கோ. ஃப்ரிட்ஜ் கார்ட் மாட்டினா அந்த இடைவெளியை அது தானே பாத்துக்கொள்ளும்.

ஓடுது, ஆனா குளிரேல்ல

எங்கட கதை இதுதான், அதால கொஞ்சம் நீளும்.

முதல்ல அவசரப்படாதேங்கோ, இங்கத்தையான் சூட்டில வெறும் ஃப்ரீசர் மைனஸ் 18க்குப் போக பல மணித்தியாலம் எடுக்கும், அது வரைக்கும் சிவப்பு லைற் எரியிறதும் வழமை. மூண்டு மணித்தியாலம் போகத் திறந்து உட்சுவரை நாலு பக்கமும் தொட்டுப் பாருங்கோ. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விரல் ஒட்டுற குளிரோ மெல்லிய பனியோ இருந்தா குழாய்க்குள்ள ஓடிக் குளிராக்கிற காஸ் சரி. ஒரு மூலையில மட்டும் வெள்ளைப் பனி, மற்றப் பக்கம் வெறும் சில்லெண்டு இருந்தா காஸ் குறைஞ்சிட்டுது. ஒரு பக்கமும் குளிரேல்ல, கொம்ப்ரசர் நிக்காம ஓடிக்கொண்டே இருக்கெண்டா காஸ் போட்டுது, அல்லது வழி அடைபட்டிருக்கு.

எங்கடது முதல் நாள் வடிவாக் குளிர்ந்தது, நானும் அறுக்குளா மூண்டு கிலோ வாங்கி வெட்டிப் போட்டன். மூண்டாம் நாள் இடது மூலையில மட்டும் பனி. நாலாம் நாள் மீன் பையை அமத்தினா விரல் உள்ளுக்குப் போகுது. பின்னால கீழ பாத்தா குழாய் மூட்டில பெருவிரல் அளவு எண்ணெய்ப் பிசுக்கு, அதில தூசி ஒட்டி. காஸ் வெளியேறேக்க எண்ணெயையும் கொஞ்சம் கொண்டு போகும், அதால அந்தப் பிசுக்குத்தான் சாட்சி. படம் எடுத்து வச்சன், கடைசியில வழக்கை வெண்டது அந்தப் படம்தான்.

இப்ப வாற வீட்டு ஃப்ரீசரில கனக்கத்துக்கு ஆர் 600ஏ காஸ். ஐசோபியூட்டேன் எண்டுவினம், எங்கட சமையல் சிலிண்டரில இருக்கிற சாமானுக்கு ஒண்டுவிட்ட சகோதரம். பின்னால மஞ்சள் முக்கோணத்தில நெருப்புப் படம் போட்டிருந்தா அதுதான். அளவு கொஞ்சம், 150 கிராமுக்கு மேல வீட்டுச் சாமானுக்குப் போடுறேல்ல, கன ஃப்ரீசரில அதில பாதியும் வராது. ஆனா பத்தக்கூடியது, காத்தை விடப் பாரம், தரையோட தங்கும். சிலிண்டர் காஸுக்கு மணம் சேக்கிறவை, இதுக்கு அப்பிடிச் சேக்கிறேல்ல, அதால மூக்கை நம்பேலாது. 2021 கடைசியில அடுப்பு வெடிச்ச கதையள் கேட்டுப் பயந்த ஆக்கள் நாங்கள், அந்தப் பயம் கொஞ்சம் இங்கயும் இருக்கட்டும்: ஒழுகுதெண்டு சந்தேகம் வந்தா ஜன்னல் கதவைத் திறவுங்கோ, விளக்கு, நெருப்புக்குச்சி, சாம்பிராணி ஒண்டும் கிட்ட வேண்டாம், ப்ளக்கைப் பக்கத்தில நிண்டு பிடுங்காம மெயின் சுவிட்ச்சில வெட்டுங்கோ.

இதில இன்னொரு சிக்கல் இருக்கு, கன பேருக்குத் தெரியாது. இந்தக் காஸ் சாதாரண அமுக்கத்தில மைனஸ் 12 அளவில கொதிக்கும், ஃப்ரீசர் அதை விடக் கீழ போறபடியால் குளிர்ப் பக்கக் குழாய்க்குள்ள அமுக்கம் வெளிக்காத்தை விடக் குறைவு. அந்தப் பக்கம் வெடிப்பெண்டா ஓடேக்க காஸ் வெளிய வாறதை விட எங்கட கொழும்புப் புழுக்கக் காத்து உள்ளுக்குப் போகும். ஈரம் கெப்பிலரி வாயில உறையும், அடைக்கும், நிப்பாட்டினா உருகும், திரும்ப ஓடும். "ஒருநாள் குளிருது ஒருநாள் இல்ல" எண்டு வாற ஃப்ரீசர்களில கொஞ்சம் இந்த வகைதான். இதுக்குச் சும்மா காஸ் அடிச்சாப் போதாது, குழாயைக் காய வச்சு, ஃபில்டரையும் மாத்தோணும்.

அதால தெரிஞ்ச பாஸ் ஒருத்தரைக் கூப்பிட்டு "ஒருக்கா காஸ் அடிச்சு விடுங்கோ" எண்டு சொல்ல முதல் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கோ. குழாயை ஒருக்கா வெட்டினா வரண்டி போச்சு. அதை விட மோசம், "600 இல்ல, 134 அடிச்சுத் தாறன், ஒண்டுதான்" எண்டு ஆர் 134ஏ எண்ட வேற காஸை அடிக்கப் பாக்கிறவர். ஒண்டில்ல, அந்தக் கொம்ப்ரசர் இந்தக் காஸுக்கெண்டு செய்தது. வெடிப்பு ஃபோமுக்குள்ள இருக்கிற குழாயில எண்டா திருத்தவே ஏலாது எண்டு வையுங்கோ, ஃபோமைத் தோண்டித் திருத்தின ஃப்ரீசர் பிறகு ஃப்ரீசராயிருக்காது.

மூடி வடிவா ஒட்டேல்ல

லொறியில மூடிக்கு மேல பாரம் வச்சா பிணைச்சல் வளையும், ரப்பர் மடியும். இருவது ரூபாத் தாளை மூடிக்கு நடுவில வச்சு மூடி இழுத்துப் பாருங்கோ, சுத்திவர ஒவ்வொரு சாணுக்கும். இறுக்கிப் பிடிச்சா சரி, வழுகி வந்தா அந்த இடத்தில காத்துப் போகுது. ராவில லைற்றை நூத்துப்போட்டு உள்ளுக்கு டோர்ச் வச்சு மூடினாலும் வெளிச்சம் கசியிற இடம் தெரியும், பிள்ளையளுக்கும் விளையாட்டு. இன்னொரு சோதினை: நல்லாக் குளிர்ந்தாப்பிறகு திறந்து மூடி உடன திரும்பத் திறவுங்கோ. கொஞ்ச நேரத்துக்கு மூடி அசையாது, உள்ள போன சூட்டுக்காத்து சுருங்கி மூடியை உறிஞ்சிப் பிடிக்கும். லேசாத் திறந்தா ரப்பர் பிடிக்கேல்ல.

மடிஞ்ச ரப்பருக்கு மருந்து வீட்டிலயே இருக்கு. சுடுதண்ணியில துணியை நனைச்சு ஒத்தடம் குடுங்கோ, அல்லது ஹெயார் ட்ரையரைத் தூரத்தில பிடியுங்கோ, இளகினாப்பிறகு விரலால நிமித்தி, மூடி, மேல கனமான புத்தகம் ரெண்டு வச்சு ராவைக்கு விடுங்கோ. காஸுக்குச் சந்தேகம் இல்லாட்டி மட்டும் ட்ரையர். தரை மட்டமில்லாட்டியும் மூடி கோணும், காலைத் திருப்பிச் சரி பண்ணுங்கோ. பிணைச்சல் வளைஞ்சிருந்தா நீங்கள் நிமித்தாதேங்கோ, அது மாத்த வேண்டிய சாமான்.

அடியில தண்ணி விடுற ஓட்டைக்கு ஒரு மூடி வரும். எங்கடதில அது பெக்கிங்குக்குள்ள விழுந்து கிடந்தது. அது இல்லாட்டி அந்த ஓட்டையைச் சுத்திப் பனி மலையாக் கட்டும், நீங்கள் மூடி ரப்பரைத் திட்டிக்கொண்டிருப்பீங்கள்.

சத்தம்

சலசல எண்டு தண்ணி ஓடுற மாதிரி, பொப்கோர்ன் வெடிக்கிற மாதிரி, உஸ் எண்டு, இதெல்லாம் வழமை. கடகட எண்டு அதிர்ந்தா குழாய் ஒண்டு தகட்டில முட்டுது, அல்லது கால் தரையில படேல்ல. கிளம்பேக்கயும் நிக்கேக்கயும் "டங்" எண்டு இரும்பில இரும்பு இடிச்சா கவனம், கொம்ப்ரசர் கூட்டுக்குள்ள மோட்டர் ஸ்பிரிங்கில தொங்குது, படியில விழுந்த அடியில அது கழண்டிருக்கலாம். வெளியில இருந்து திருத்தேலாது. அந்தச் சத்தத்தை ஃபோனில வீடியோவா எடுங்கோ, ஏனெண்டா டெக்னீசியன் வாற நேரம் அது சத்தம் போடாது, பிள்ளையள் டொக்டரிட்டப் போனோடன இருமாத மாதிரி.

பக்கச்சுவர் சுடுறது கோளாறில்ல, மேல சொன்ன குழாய்தான். வெளியில வேர்க்கிறதும் மழைக்காலத்தில வரும், துடைச்சு விடுங்கோ. சுவரில இருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கோ. பின்னால லேபலில கிளைமேற் கிளாஸ் எண்டு ஒரு எழுத்து இருக்கும், டி எண்டா 43 பாகை வரைக்கும் தாங்கும், என் எண்டா 32 வரைக்கும்தான், எங்கட சமையலறைக்கு அது காணாது.

உள்ள இருக்கிற சாமான்?

நிறைஞ்ச ஃப்ரீசர் திறக்காட்டி ரெண்டு நாள் தாங்கும், பாதி நிறைஞ்சது ஒரு நாள். 2022இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினவங்கள், 2025 பெப்ரவரியில பாணந்துறையில ஒரு குரங்கு முழு நாட்டையும் இருட்டாக்கினது, இந்தக் கணக்கெல்லாம் எங்களுக்குப் புதுசில்ல. இன்னும் கல்லு மாதிரி, அல்லது ஐஸ் துகள் தெரிஞ்சா வேற ஃப்ரீசருக்கு மாத்தலாம். முழுக்க இளகிச் சூடான மீனை மணந்து பாத்து முடிவெடுக்காதேங்கோ, எறியுங்கோ. புது ஃப்ரீசருக்கு ஒரு முழு நாள் ஓடி மைனஸ் 18 காட்டினாப்பிறகுதான் மீன் வாங்கப் போகோணும், நான் அதையும் செய்யேல்ல.

கடைக்காரர் இழுத்தடிக்கிறார்

"நீங்கள் கையெழுத்து வச்சிட்டீங்கள்தானே" எண்டதுதான் முதல் வசனம். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, முதல் பாக்காத சாமானைப் பாத்துச் சோதிக்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும் வரைக்கும் நீங்கள் அதை ஏற்றதாக் கணக்கில்ல. மூடின பெட்டிக்கு வச்ச கையெழுத்து பெட்டி வந்து சேந்ததுக்குத்தான். இதை மனேஜரிட்டச் சத்தம் போடாமச் சொல்லுங்கோ, எழுத்திலயும் குடுங்கோ. ஃபோனில மட்டும் கதைச்சா "யார் சேர் உங்களோட கதைச்சது?" எண்டு கேப்பினம்.

"திருத்தித் தாறம்" எண்டு சொன்னா உடன தலையாட்டாதேங்கோ. மூடி ரப்பர், ரிலே, பிணைச்சல் எண்டா திருத்தட்டும். குழாய் அல்லது கொம்ப்ரசர் எண்டா மாத்தித் தரச் சொல்லி நில்லுங்கோ. தகடு மட்டும் எண்டா விலை குறைக்கச் சொல்லிக் கேக்கலாம், எனக்கு அது மோசமான வழியாத் தெரியேல்ல.

சரிவராட்டி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, கொழும்பு 2 வொக்ஸோல் வீதியில, ஃபோன் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில முறைப்பாடு எழுத்தில, வித்த நாளில இருந்து மூண்டு மாசத்துக்குள்ள எண்டு இருக்கு. "அடுத்த கிழமை வாறம், அடுத்த கிழமை வாறம்" எண்டு கடைக்காரர் சொல்லுற கிழமையெல்லாம் அந்த மூண்டு மாசத்துக்குள்ளதான் கழியும், கலண்டரில ஒரு வட்டம் போட்டு வையுங்கோ. பில் இல்லாமப் போகாதேங்கோ.

எங்களுக்கு அங்க போக வேண்டி வரேல்ல. எண்ணெய்ப் பிசுக்குப் படத்தையும் கடிதத்தையும் குடுத்து பத்தொன்பதாம் நாள் வேற ஃப்ரீசர் வந்தது, அதே பெடியள்தான். இந்த முறை கீழயே பிரிச்சுப் பாத்து, நாலு பேராப் பிடிச்சு நிமிந்தபடி ஏத்தினம், ரெண்டு இடத்தில இளைப்பாறி. அடுத்த நாள் பின்னேரம் வரைக்கும் ப்ளக் போடேல்ல. அது வரைக்கும் ரோல்ஸ் எல்லாம் கீழ் வீட்டு அன்ரியின்ர ஃப்ரிட்ஜில இருந்தது, திருப்பி எடுக்கேக்க எண்ணினா பன்னிரண்டு குறைவு, மனுசி ஒண்டும் கேக்கேல்ல.